புன்னைப்பூ

பங்குனி வெயில் இன்னும் ஏறவில்லை. வாசல் புங்கமரம் உதிர்த்த பூ தரையை மூடிக் கிடக்க, அதன்மேல் வண்டுகள் இரைகின்றன. செங்கல்பட்டுச் சந்தைக்கு மாடு பார்க்கப் போய் நேற்றுத் திரும்பிய ஜானகிராமன் கிணற்றடியில் பல் துலக்குகிறான். அவன் மனைவி வேண்டா, துவைப்பதற்காக அவன் துண்டை உதறுகிறாள். வெள்ளையாக ஒரு பூ விழுகிறது. நடுவில் மஞ்சள். வாடியும் வெட்கமில்லாமல் மணக்கிறது. புன்னை. அதைப் பார்க்கக் கோவளத்துக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும். “இன்னாயா இது? செங்கல்பட்டுச் சந்தையில புன்னை ஏது?” அவன் திரும்பாமலே வாய் கொப்பளிக்கிறான். “காத்துல வந்து வுழுந்திருக்கும். காலங்காத்தால பேஜாரு பண்ணாத.” வேண்டா பூவை எடுத்து உள்ளங்கையில் புரட்டுகிறாள். காற்றில் வந்த பூவின் காம்பில், வாழைநார் முடிச்சு ஒன்று இறுகியிருக்கிறது.