அம்மா சொன்ன வார்த்தை

வக்கீல் படிப்பை விட்டுவிட்டு ஸ்கேட்டிங் நடனத்துக்கு ஓடிய மகள் சோலேனோடு அம்மா பேசி வருஷக்கணக்காகிறது. இன்று பிரெஞ்சு சாம்பியன் போட்டி. சோலேன் பனித்தளத்தில் இறங்கும் நேரத்தில் அம்மா எதிரே வந்து நின்றாள்.

"ஏதாவது சொல்லேம்மா" என்றாள் சோலேன்.

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். காது கூசுகிற கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டு, விடுவிடுவென்று போய்விட்டாள்.

ஜோடியாக ஆடும் யாகுப், செக் நாட்டிலிருந்து புதிதாக வந்தவன், கொதித்தான். "பெத்த தாய் பேசுற பேச்சா இது? நீயும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே!"

சோலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நன்றி சொன்னா பலிக்காதுடா, மக்கு! ஆடப்போறவங்களை எங்க ஊர்ல அந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லித்தான் ஆசீர்வாதம் பண்ணுவாங்க; நேரா வாழ்த்தினா அபசகுனம். 'நல்லா ஆடு'ன்னு சொல்லியிருந்தாத்தான், அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரலைன்னு அர்த்தம்!"