பதினேழாம் நம்பர் இருட்டு

"மேடம், வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுங்க. ஏணி போடணும்."

கார்க் கண்ணாடியைத் தட்டிய ஆளைப் பார்த்ததும் அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஏணி, தோளில் பை. எலக்ட்ரீஷியன்.

"எதுக்குங்க?"

"இந்த டியூப்லைட்டு நாலு மாசமா எரியலையாமே. முதல் மாடி சார் என்னைக் கையோட கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போறாரு. செகரட்டரிகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சாம்."

அந்த செகரட்டரி அவளுடைய கணவன்தான். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் மறுநாளே செய்து முடிப்பவன், கீழ்த்தளத்தில் தங்கள் கார் நிற்கும் பதினேழாம் நம்பர் இடத்துக்கு மேலே இருந்த இந்த ஒரு விளக்கு விஷயத்தில் மட்டும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஒரு டியூப்லைட் மாத்தத் துப்பில்லாதவருக்குப் பதவி எதுக்கு?" என்று போன கூட்டத்தில் முதல் மாடிக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நானும் வீட்டுல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அவளும் சேர்ந்து ஒத்து ஊதினாள். அது பச்சைப் பொய். இந்த இருட்டு போய்விடக் கூடாதே என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தவள் அவள்.

ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. பில் கூடினாலும் அவளைத்தான் திட்டுவார்கள், பொருள் உடைந்து போனாலும் அவளைத்தான். நாளொன்றுக்கு எண்பது பேர். எண்பது பேரிடமும் குரல் உயராமல் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஒருநாள் மகளிடமே "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீடே சிரித்தது.

அப்புறம் ஒருநாள் யாரும் சிரிக்கவில்லை. ரப்பரைக் காணோம் என்று வந்து நின்ற குழந்தையிடம் அவள் கத்திய கத்தலில், அது பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. எண்பது பேர் மேல் வந்த கோபத்தை ஏழு வயதுக் குழந்தை தலையில் கொட்டிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை.

மறுநாளிலிருந்துதான் இப்படி. மேலே போவதற்கு முன் காருக்குள் இருபது நிமிடம். சில நாள் சும்மா கண்ணை மூடியிருப்பாள், பல நாள் அழுவாள். அழுது முடித்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு நல்ல முகம் கிடைக்கும். உட்கார ஆரம்பித்துப் பத்து நாளிலேயே விளக்கும் போய்விட்டது. தன் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் டிராஃபிக் என்று சொல்லி வைத்திருந்தாள். மகளாவது நச்சரிப்பாள். கணவன் ஒருநாள்கூட ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதில்லை. தான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதோ என்பதுதான் இப்போதெல்லாம் அவளுக்கு வேலையைவிடப் பெரிய பயம்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, எங்கே இருக்கே?"

"டிராஃபிக்ல செல்லம்."

"சீக்கிரம் வா. குட்டி மாமா ஃபிரிட்ஜ் மேல நின்னு உன்னையே பார்த்துட்டு இருக்காரு."

குட்டி மாமா கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளை உருளை. கீழே இரண்டு குட்டிக் கால்கள். மகள் அதற்குக் கண்ணும் மூக்கும் பெரிய மீசையும் வரைந்திருந்தாள். எந்தப் பொம்மையிலிருந்து கழன்று விழுந்ததோ, இவள் கேட்டதில்லை.

"வந்துட்டேன்னு மாமாகிட்ட சொல்லு" என்று போனை வைத்தாள்.

காரைப் பின்னால் நகர்த்திவிட்டு இறங்கினாள். "இதை இன்னொரு நாள் வந்து போடக் கூடாதா?"

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்தபடியே அவளை வினோதமாகப் பார்த்தான். "வெளிச்சம் இல்லைன்னு திட்டுறவங்களைத்தான் பார்த்திருக்கேன் மேடம்." கையை மேலே விட்டுத் தடவினான். "அட, டியூப்பு நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டரைத்தான் காணோம். யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க."

"அது எப்படி இருக்கும்?"

பைக்குள் துழாவி, புதிதாக ஒன்றை எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் உயரத்துக்கு வெள்ளை உருளை. கீழே இரண்டு குட்டிக் கால்கள். மீசை மட்டும்தான் இல்லை.

அவள் கார்க் கதவைப் பூட்டினாள்.

"மாட்டாதீங்க. செகரட்டரிகிட்ட நான் பேசிட்டு வரேன்."

மேலே வீட்டில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியா? டிராஃபிக்கா?"

அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த குட்டி மாமாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அப்பாதான் கீழேயிருந்து எனக்குக் கொண்டு வந்து குடுத்தாங்க" என்றாள் மகள். "வெளியே யார்கிட்டயும் காட்டக் கூடாதாம்."

"நாலு மாசமா எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே. நானும் சேர்ந்து பேசினேனே. எதுக்குங்க இதெல்லாம்?"

அவன் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தான்.

"அந்த லைட் எரிஞ்சப்ப, நீ அழுறது லிஃப்டுக்கு நிக்கிறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுது."