சொந்தக் குரலில்

அத்தையின் முதுகை நான் ஒருநாளாவது துடைத்துவிட்டிருக்கிறேனா? தாரணிக்கு நிமிர்ந்து பார்க்கவே கூசியது. எதிரில் கீரை ஆய்ந்தபடி நாத்தனார் சுகந்தியும் கைபேசியில் ஓடிய நேர்முகத் தேர்வுப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் நேர்முகத் தேர்வுக்கு யாரும் நேரில் போவதில்லை. தாரணிக்காகப் பேசியதும் அவளுடைய நிகரிதான், அவளுக்குப் பதிலாள் போலப் பேசும் செயற்கை நுண்ணறிவு. வேலையில்லாமல் இருந்த இரண்டு வருடங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அவள் குரலிலேயே அது சொல்லியிருந்தது: "படுக்கையில விழுந்த மாமியாரைக் கடைசிவரைக்கும் நான்தான் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டுப் பார்த்துக்கிட்டேன்."

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அம்மாவுக்குத் தான் செய்த பணிவிடைகளைச் சுகந்தி அன்றாடம் எழுதியதிலிருந்து நிகரி எடுத்திருக்கிறது. அந்த நாட்களில் தாரணி, வாடை தாங்காமல் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்த மாதிரிதான். நிகரி சொன்னதெல்லாம் உண்மை என்று சொந்தக் குரலில் ஒருமுறை சொன்னால் போதும்.

"சொல்லிடுங்க அண்ணி. எங்கம்மா எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப் போகுதா என்ன?" சுகந்தி சிரித்தாள். "அண்ணன் ஒருத்தர் சம்பளத்துல எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?"

அந்தச் சிரிப்பில் துளியும் குத்தல் இல்லை. அதுதான் தாரணியைச் சுட்டது.

"உறுதி செய்கிறீர்களா?" கைபேசி மறுபடி கேட்டது.

"இல்லங்க," என்றாள் தாரணி மெல்ல. "அதெல்லாம் செஞ்சது நானில்ல."