ஆல்வினா வலை இறக்குகிறாள்

பூர்வகுடிகளான எங்கள் ஆற்றின்மேல் குளிர்கால மழை சிணுங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று இதே இடத்தில் ஸ்டீல்ஹெட் மீன் பிடித்த ஆல்வினாவின் கணவனை, வலை போடத் தடை என்று சொல்லி அரசின் மீன்துறை அதிகாரிகள் கைது செய்து, வலையையும் பறித்துப் போனார்கள். இன்று ஆல்வினா அவன் படகிலேயே நின்று வேறொரு வலையை இறக்குகிறாள். மிதவைகள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்து ஆடுகின்றன. கரையிலிருந்து மீன்துறை அதிகாரி ஒருவர் கத்துகிறார். "வலைய எடும்மா! இல்லன்னா உன்னையும் பிடிச்சு உள்ள போடுவேன்." அவள் திரும்பாமலே சொல்கிறாள். "எங்க பாட்டனுங்க ஒப்பந்தத்துல உங்க அரசாங்கத்துக்கு நிலத்ததான் எழுதிக் குடுத்தாங்க சார், மீனை இல்ல." ஒரு மிதவை சட்டென்று அமிழ்கிறது. அவள் இழுக்க, வெள்ளி மின்னும் பெரிய மீன் படகுப் பலகையில் படபடவென்று அடிக்கிறது. அதிகாரி தண்ணீரில் இறங்கி, முழங்காலளவில் குளிர் தாங்காமல் நின்றுவிடுகிறார். "பாத்து வாங்க, நடுவுல ஆழம்," என்றபடி ஆல்வினா மீதி வலையையும் ஆற்றில் விடுகிறாள்.