தலைச்சன் பயம்

"இரும்புச்சத்து மாத்திரையை டீயோட முழுங்கினா, முழுங்காததுக்குச் சமம். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடணும். உனக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் வேன்காரம்மா.

"கேட்டிருக்கேன்க்கா. ஆனா காலையில டீ இல்லாம இருக்க முடியல," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரி.

கர்ப்பிணிகள் சோதனைக்குக் காத்திருக்கும் வராண்டா அது. வேன்காரம்மாவுக்கு இது மூன்றாவது. ஒன்பதாம் மாதம் நடக்கிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடமில்லாமல் போன பிறகுதான் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். முப்பது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல், காலையிலிருந்து ஐந்து பெஞ்சுக்கும் சேர்த்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தது.

"வாந்தி நிக்கவே மாட்டேங்குதுக்கா," என்றாள் எதிர் பெஞ்சிலிருந்த சின்னப் பெண்.

"வயித்தைக் காயப் போடாதே. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி தின்னு. தண்ணிகூடத் தங்கலேன்னா மட்டும் ஓடி வந்துடு," என்று சொல்லிவிட்டு, மறுபடி கண்ணாடிக்காரியின் பக்கம் திரும்பினாள். அவள் தன் நம்பர் சீட்டை நாலாய் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். 

"இது எத்தனாவது மாசம் உனக்கு?"

"ஆறு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலக்கா. இந்தத் தடவை தூக்கமே வர்றதில்ல. என்னென்ன ஆகலாம்னு ஒவ்வொண்ணா கண்ணு முன்னாடி வந்து நிக்குது."

"கண்டதையும் படிச்சிருப்பே."

"நிறைய படிச்சிட்டேன்க்கா."

"அதான் வினை! புத்தகத்தை மூடி வை. நல்லதையே நினை. தலைச்சன் பிள்ளைன்னா பயம் இருக்கத்தான் செய்யும்."

"உங்களுக்குப் பயமே இல்லையாக்கா?"

"மூணாவதுக்கு என்ன பயம்? கியர் போடற மாதிரி, தானா நடக்கும். முதல் ரெண்டும் உதைச்ச உதைக்கு என் விலா எலும்பே தெறிச்சிடும்னு நினைச்சேன். இவன் பரம சாது. நேத்து மத்தியானத்துலேர்ந்து அசையாம நல்ல தூக்கம்."

கண்ணாடிக்காரி சீட்டை மடிப்பதை நிறுத்தினாள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்தா? ஒரு தடவைகூட அசையலையா?"

"மாசம் நெருங்கினா அப்படித்தான். புரண்டு படுக்க உள்ள இடம் ஏது?"

"இல்லக்கா. கடைசி நாள் வரைக்கும் அசையணும்." கேட்காமலே அவள் வேன்காரம்மாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். "எழுந்திருங்க, உள்ள போகலாம்."

"நல்ல கூத்து! என் நம்பர் இருபத்தேழு. இப்பதான் பன்னெண்டு போகுது. முந்திக்கிட்டு உள்ள போனா இவங்கெல்லாம் என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

கண்ணாடிக்காரி நேரே போய்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். இரண்டு நிமிடத்தில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள்.

"பயந்தாங்கொள்ளி ஒருத்தி ஊரையே கூட்டிட்டா பாரு," என்று முணுமுணுத்தபடி ஏறி உட்கார்ந்தாள் வேன்காரம்மா.

உள்ளே வயிற்றில் பட்டையைக் கட்டினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு மெஷினில் கேட்டது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கேட்டிருந்த துடிப்பு குதிரை ஓட்டம். இது விட்டு விட்டு, களைத்துப்போனவன் படி ஏறுவதுபோல் கேட்டது. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிப் படுத்து, வயிற்றைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதை வேன்காரம்மா தன் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் நிஜமாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை மூடி மறைக்கத்தான் காலையிலிருந்து அத்தனை பேச்சும்.

"என் பிள்ளை..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் கட்டில் நகரத் தொடங்கியிருந்தது. மேலே விளக்குகள் ஓடின. யாரோ மூக்கில் மாஸ்க்கை வைத்து, "நல்லா மூச்சை இழுங்க," என்றார்கள்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, அடிவயிறு கனத்தது. பக்கத்துத் தொட்டிலில் ஏதோ ஒன்று முழுக் கோபத்தோடு கத்திக்கொண்டிருந்தது.

"பொண்ணு," என்றாள் நர்ஸ். "கழுத்துல ரெண்டு சுத்துக் கொடி. இன்னும் ஒரு மணி நேரம் வெளியில உக்காந்திருந்தீங்கன்னா..."

வேன்காரம்மா வெகுநேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணோரம் கண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. பிறகு திடீரென்று நினைவு வந்தவளாக நர்ஸைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு என்ன ஆனா? என்னால அவ நம்பர் போயிருக்கும். ரெண்டு தவறிப்போய் இதுதான் தங்கியிருக்காம், பாவம் நடுங்கிட்டிருந்தா. உள்ள இருக்கற டாக்டர்கிட்ட சொல்லி, நாலு வார்த்தை தைரியமா பேசிப் பாக்கச் சொல்லும்மா."

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"அவங்களுக்கு யாரு தைரியம் சொல்றது? போன வாரம்தான் இங்க வேலைக்கு வந்தாங்க. இன்னிக்கு லீவு போட்டுட்டுத் தன்னோட செக்கப்புக்கு வந்த இடத்துல, உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்துக் குடுத்துட்டு, இப்பதான் மறுபடி போய் வரிசையில உக்காந்திருக்காங்க, எங்க டாக்டரம்மா."