களிம்பு

தன்னை அறைந்த லெப்டினன்டைத் திருப்பி அறைந்ததற்காகச் சிப்பாய் வீரபத்திரனுக்கு முந்நூறு கசையடி. நூற்றெண்பதாவது அடியில் பட்டாளத்து டாக்டர் துரை அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மீதி நூற்றிருபது, புண் ஆறிய பிறகு. அன்றிலிருந்து துரையே தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, முதுகைக் கழுவி, பூவைத் தொடுவதுபோலக் களிம்பு தடவினார். இருபத்தாறு வருட சர்வீசில் கசையடியில் ஒருவனைக்கூடச் சாகவிட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. பதவி உயர்வும் மெடலும் அதனால் வந்தவைதான். பக்கத்தில் கிண்ணத்தை ஏந்தி நின்ற கம்பவுண்டர் சவரிராயனுக்கு அந்த மென்மையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆற விட்றாதண்ணே,” என்று துரை காதில் விழாமல் சவரிராயனிடம் சொன்னான் குப்புறக் கிடந்த வீரபத்திரன்.

துரை போனதும் சவரிராயன் சாக்குத்துணியை எடுத்து, புண்ணில் கட்டியிருந்த பொருக்கையெல்லாம் தேய்த்துப் பெயர்த்தான். வீரபத்திரன் தலையணையைக் கடித்துக்கொண்டு, “இன்னும் தேய்” என்றான்.

மறுநாள் கட்டைப் பிரித்த துரைக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ மனுஷனா, மிருகமா?” என்று சவரிராயனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“ஆறினா என்ன பண்ணுவீங்க, தொரை?”

துரை சட்டையை விட்டார். களிம்பை விரலில் எடுத்துக்கொண்டு குனிந்து, மறுபடியும் பூவைத் தொடுவதுபோலத் தடவ ஆரம்பித்தார்.