கழுத்துப் பக்கத்து இருட்டு

ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டரில் படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முப்பிடாதிக்கு இன்னும் கை பழகவில்லை. செத்துப்போன மனைவிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வந்த கொம்பையா, முப்பிடாதியின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். மனைவியின் படம் போன மாதம் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தது.

"மூஞ்சி கறுத்துல்லா கெடக்கு. ஊரே பாக்கும். வெளுப்பா ஆக்குட்டி!" என்று அதட்டினான்.

பதற்றத்தில் அவள் முகத்தை விட்டுவிட்டு நிழல் விழுந்த இடத்தின் வெளிச்சத்தை மட்டும் ஒரேயடியாக ஏற்றிவிட்டாள். தாடைக்குக் கீழே இருண்டு கிடந்த கழுத்து வெளுத்தது. அதில் விரல் தடங்கள் வரிசையாகக் கன்றிப்போயிருந்தன.

 கொம்பையா முப்பிடாதியின் காதருகே குனிந்தான். "அது வெறும் நெழலு. பழையபடி இருட்டாக்கு."

"நெழலுன்னா இந்நேரம் வெளுத்துப் போயிருக்குமே, அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி, திரும்பாமலே.

அவன் கை நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தது. அவள் படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினாள். உள்ளறையில் எந்திரம் கரகரவென்று நெற்றியிலிருந்து அச்சடித்துக்கொண்டே இறங்கத் தொடங்கியது. கழுத்துக்கு வர இன்னும் நேரமிருந்தது.